கோமாளி மீனும் கோடு போட்ட நோட்டும்

மண்டபம் ஒரு கடலோர ஊர். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம். அந்தப் பக்கம் இராமேசுவரம் தீவு.

மீன் ஆராய்ச்சியில் மண்டபத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் அதன் தலைமையிடம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971ஆம் ஆண்டு தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் கிளை இன்றும் இயங்குகிறது. கோமாளி மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை இந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் செய்து காட்டினார்கள். மீனவக் குடும்பங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தப் பாடத்தில் வருவது அந்தக் கரையில் உள்ள ஒரு வீட்டின் கதை. மாமியார், மருமகள் கதை. சண்டைக் கதை அல்ல. மீன் கதை.

மருமகள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மாமியார் சிறு வயதில் பள்ளிக்கூடம் போகாதவர். ஐம்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வி மையத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். எழுத்து இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும். ஆனால் தேதியும் எண்ணும் தப்பாமல் எழுதுவார்.

மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். கடலில் மீன் பட்டால்தான் வீட்டில் காசு. மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் இல்லை. மருமகள் ஒரு நாள் தன் காதில் இருந்த தோட்டைக் கழற்றினாள். அடகு வைத்தாள். அந்தப் பணத்தில் கண்ணாடித் தொட்டிகள், காற்று பம்பு, நான்கு சின்னஞ்சிறு கோமாளி மீன்கள் வாங்கி வந்தாள்.

மாமியாருக்குக் கோபம் வந்தது.

"ஏத்தா, குழம்பு வைக்கவும் ஆகாது. கருவாடு போடவும் ஆகாது. இந்த விரல் நீள மீனுக்கா தோட்டை வச்ச?"

"இது திங்குற மீன் இல்ல அத்தை. வளக்குற மீன். ஊர் ஊரா வீட்டுல அழகுக்கு வச்சுக்கிறாக. குஞ்சு எடுத்துக் குடுத்தா வாங்கிக்கிற ஆளு இருக்கு. முதல்லயே வியாபாரிகிட்ட விசாரிச்சுட்டேன்."

விற்க இடம் இருக்கிறதா என்று அவள் முதலிலேயே விசாரித்தது நல்ல காரியம். அழகு மீனைச் சந்தையில் கூறு கட்டி விற்க முடியாது. வாங்குபவர் யார், எந்த அளவு மீன் வேண்டும், என்ன விலை தருவார் என்று தெரிந்த பிறகே தொட்டி வாங்க வேண்டும்.

கோமாளி மீன்

ஆரஞ்சு நிற உடம்பு. அதில் மூன்று வெள்ளைப் பட்டைகள். பட்டையின் ஓரத்தில் கறுப்புக் கோடு. சர்க்கஸ் கோமாளி முகத்தில் சாயம் பூசிக்கொள்வது போல இருக்கும். அதனால் கோமாளி மீன் என்று பெயர். இதில் முப்பது வகை வரை உண்டு. எல்லா வகைக்கும் மூன்று பட்டை இருக்காது. மூன்று பட்டை உள்ளதைத்தான் மக்கள் அதிகம் விரும்பி வாங்குகிறார்கள்.

கடலில் இது பவளப்பாறைப் பகுதியில் வாழ்கிறது. அங்கே கடல் சாமந்தி என்று ஓர் உயிர் உண்டு. பார்த்தால் பூ. ஆனால் அது ஒரு பிராணி. அதன் இதழ் போன்ற கைகள் கொட்டும். மற்றச் சிறு மீன்கள் அதன் பக்கம் போனால் செத்துவிடும். கோமாளி மீனை மட்டும் அது கொட்டுவதில்லை. மீனின் உடம்பில் உள்ள வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. எதிரி வந்தால் கோமாளி மீன் கடல் சாமந்திக்குள் புகுந்துகொள்ளும்.

வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி தேவையில்லை. அது இல்லாமலே கோமாளி மீன் வாழும், முட்டையிடும். பவளம் வேண்டவே வேண்டாம். கடலில் இருந்து பவளம் எடுப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிலர் கடலில் இருந்தே கோமாளி மீனையும் பிடித்து விற்கிறார்கள். அப்படிப் பிடித்துக்கொண்டே போனால் பாறைகள் வெறுமையாகும். மருமகள் வாங்கியவை கடலில் பிடித்தவை அல்ல. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகள். தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவை.

"நாலும் ஒரே மாதிரி இருக்கே. இதுல ஆண் எது, பொண்ணு எது?" என்று மாமியார் கேட்டார்.

"இப்ப எதுவும் பொண்ணு இல்ல அத்தை. இனிமேத்தான் ஆகும்."

மாமியார் சிரித்துவிட்டார். ஆனால் மருமகள் சொன்னது உண்மை. கோமாளி மீனில் பிறக்கும்போதே பெண்ணாகப் பிறப்பது கிடையாது. கூட்டத்தில் எது பெரிதாக வளர்ந்து மற்றவற்றை அடக்குகிறதோ, அது பெண்ணாகும். அதற்கு அடுத்தது அதன் ஆண் துணை ஆகும். மற்றவை வளராமல் சிறிதாகவே இருக்கும். பெண் மீன் செத்துப் போனால் ஆண் மீன் பெண்ணாக மாறும். அடுத்த மீன் அதற்குத் துணையாகும்.

கோமாளி மீனைக் குழந்தைகள் நீமோ என்கிறார்கள். 2003ஆம் ஆண்டு வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் வரும் மீனின் பெயர் அது. அந்தப் படத்தில் தாய் மீன் இறந்த பிறகு தகப்பன் மீன் மகனைத் தேடிப் போகும். நிஜக் கடலில் அந்தத் தகப்பன் சில மாதங்களில் தாயாக மாறியிருக்கும்! படம் எடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை.

ஆகவே ஜோடி சேர்ப்பது எளிது. பெரிதும் சிறிதுமாகக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்தால் போதும். எந்த இரண்டு எப்போதும் ஒட்டித் திரிகின்றன, மற்றவற்றை எவை விரட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டுதான் ஜோடி. மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடி வாங்கியே செத்துவிடும்.

தண்ணீர்

பெரிய தொட்டி 2 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. அதில் ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு ஜோடிக்கு அது போதும்.

கடல் பக்கத்தில் இருக்கிறது என்று அப்படியே மொண்டு ஊற்றக் கூடாது. கடல் நீரைத் தெளிய வைக்க வேண்டும். துணியில் வடிகட்ட வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொல்ல வேண்டும். பிறகு காற்று விட்டு, ஹைப்போ உப்புப் போட்டு, குளோரினை நீக்க வேண்டும். வாடை போனால் மட்டும் போதாது. சோதனைத் துளி மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். குளோரின் சிறிது இருந்தாலும் மீன் சாகும்.

கடல் இல்லாத ஊரில் இதற்கென்று விற்கும் உப்புக் கலவையை நல்ல தண்ணீரில் கரைக்கலாம். 1 லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சமையல் உப்பு ஆகாது.

முதல் மாதம் மருமகள் ஒரு தப்பு செய்தாள். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றியது. குறைந்த அளவுக்குக் கடல் நீரையே ஊற்றினாள். மீன்கள் தீனி எடுக்கவில்லை. மூலையில் ஒதுங்கின. தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மேலும் கடல் நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இதை மாமியார்தான் கண்டுபிடித்தார்.

"உப்பளத்துல என்ன பண்ணுறாக? கடல் தண்ணியை விட்டு விட்டுக் காய வைக்கிறாக. நீ வீட்டுக்குள்ள உப்பளம் போட்டிருக்க!"

அன்று முதல் வற்றின தண்ணீருக்குக் குளோரின் இல்லாத நல்ல தண்ணீரை ஊற்றினார்கள். அழுக்கை எடுக்க இறைத்த தண்ணீருக்கு மட்டும் கடல் நீர். உப்பை அளக்க மிதவைக் கருவி ஒன்று வாங்கினார்கள். அது 1.022 முதல் 1.025 வரை காட்டினால் சரி. சூடு 26 முதல் 28 டிகிரி.

மீன் விடுவதற்கு முன் தொட்டி பழக வேண்டும். மீனின் கழிவில் இருந்து அம்மோனியா வரும். அது நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறி அந்த நஞ்சை மாற்றும். அவை குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அவை செத்துப்போகும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் சோப்பு ஆகாது. செம்பு, பித்தளைப் பாத்திரமும் ஆகாது.

முட்டை

பெரிய மீன்களுக்கு இறால், கணவாய், மட்டிச் சதை கொடுத்தார்கள். பொடியாக நறுக்கி, கழுவி, ஒரு நாளைக்கு மூன்று தடவை. தின்று முடிக்கிற அளவுதான். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். நாற்றம் எடுத்த தொட்டியில் மீன் முட்டையிடாது.

ஒரு வருடம் ஓடியது. தோட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. மாமியார் வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினார். தேதி, சூடு, உப்பு, என்ன தீனி, எத்தனை தடவை. ஒரு நாள்கூட விடவில்லை.

தொட்டிக்குள் ஒரு கூரை ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஆண் மீன் அந்த ஓட்டை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. பெண் மீனுக்கு வயிறு உப்பியிருந்தது. மூன்றாம் நாள் பகலில் பெண் மீன் ஓட்டின் மேல் மெல்ல ஊர்ந்தது. பின்னாலேயே ஆண் மீன் ஊர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பிறகு பார்த்தால் ஓட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. எல்லாம் முட்டை. ஒவ்வொன்றும் 2, 3 மில்லிமீட்டர் நீளம்தான்.

"ஜனவரி 4. முட்டை" என்று மாமியார் நோட்டில் எழுதினார்.

இரண்டு நாளில் ஓடு வெறுமையாகிவிட்டது. முதல் முட்டையைப் பெற்ற மீன்களே தின்றுவிடுவது உண்டு. அதற்கு வருந்த வேண்டியதில்லை. அவையும் பழக வேண்டும் அல்லவா?

ஜனவரி 17இல் மறுபடியும் முட்டை. இந்தத் தடவை தின்னவில்லை. தகப்பன் மீன் காவல் இருந்தது. துடுப்பால் விசிறி விசிறி முட்டைக்குப் புதுத் தண்ணீர் காட்டியது. செத்து வெளுத்த முட்டையை வாயால் எடுத்துத் தள்ளியது. தாய் மீன் அவ்வளவாக வேலை செய்யவில்லை.

மாமியார் அதை வெகுநேரம் பார்த்தார். "நம்ம வீட்டு ஆம்பளைகளக் கூட்டியாந்து இதக் காட்டணும்" என்றார்.

முட்டையின் நிறம் நாளுக்கு நாள் கறுத்தது. நான்கு, ஐந்து நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கண் தெரிந்தது. ஏழாம் நாள் அந்தக் கண்கள் வெள்ளி போல மினுங்கின. கண் மினுங்கினால் அன்றைக்கோ மறுநாளோ இரவில் பொரிக்கும். 27, 28 டிகிரி சூட்டில் ஏழு, எட்டு நாளில் பொரித்துவிடும். விளக்கை அணைத்து இருட்டான ஒன்று, இரண்டு மணி நேரத்தில் குஞ்சு வெளியே வரும்.

அன்று இரவு இருவரும் தூங்கவில்லை. விளக்கை அணைத்தார்கள். காற்று பம்பை நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொட்டியின் ஒரு மூலையில் டார்ச் அடித்தார்கள். நூல் துணுக்குகள் போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஓர் அரிசியில் பாதி நீளம். பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான். வலையால் அள்ளினால் செத்துவிடும். தண்ணீரோடு சேர்த்துக் குவளையால் மெல்ல மொண்டு சின்னத் தொட்டிக்கு மாற்றினார்கள்.

மாமியார் எழுதினார்: "ஜனவரி 24. குஞ்சு. எண்ண முடியல."

மூன்றாம் நாள்

நல்ல தண்ணீர் மீன்குஞ்சுக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துக் கொடுப்பது உண்டு. மருமகளும் அப்படியே செய்தாள். தண்ணீர் கலங்கியது. அடியில் மாவு போலப் படிந்தது. மறுநாள் பாதிக் குஞ்சுகள் இல்லை. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை.

ஜனவரி 30இல் அடுத்த முட்டை. பிப்ரவரி 6 இரவு பொரித்தது. இந்தத் தடவை ஆர்ட்டீமியா வாங்கினாள். ஆர்ட்டீமியா என்பது உப்பு நீரில் வாழும் சிறு உயிர். அதன் முட்டை டப்பாவில் காய்ந்த தூளாகக் கிடைக்கும். கடல் நீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரிக்கும். இறால் பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்த தீனி அது. விலை அதிகம். வாங்க மறுபடியும் கடன்.

பிப்ரவரி 9ஆம் தேதி தொட்டி மறுபடியும் காலி.

மருமகள் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு இது தோதுப்படாது அத்தை. தொட்டிய வித்துத் தோட்டை மீட்டுருவோம்."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து வந்தார். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, இங்க பாரு. அங்கிட்டு 24 பொரிச்சுச்சு, 27 செத்துச்சு. இங்கிட்டு 6 பொரிச்சுச்சு, 9 செத்துச்சு. ரெண்டு தடவையும் மூணாம் நாளு. சூடு ஒண்ணுதான். உப்பு ஒண்ணுதான். நோயின்னா ஒண்ணு முன்ன சாகும், ஒண்ணு பின்ன சாகும். இது பசி. பச்சப்புள்ளைக்குப் பாலு கிடைக்கல."

மறுநாள் இருவரும் நோட்டோடு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த விஞ்ஞானி அம்மா நோட்டை முழுவதும் படித்தார். மாமியார் சொன்னது சரி என்றார்.

குஞ்சு பிறக்கும்போது அதன் வயிற்றில் உள்ள கரு மிகக் கொஞ்சம். முதல் நாளே தீனி வேண்டும். அந்தத் தீனி அசைய வேண்டும். அசையாததை அது தீனி என்று அறியாது. அதனால் மஞ்சள் கருவைத் தொடவில்லை. தீனி அதன் வாய்க்குள் நுழையவும் வேண்டும். ஆர்ட்டீமியாக் குஞ்சு அரை மில்லிமீட்டர் வரை இருக்கும். பிறந்த குஞ்சின் வாய்க்கு அது பெரிது. சுற்றிலும் தீனி நீந்த நீந்தக் குஞ்சுகள் பட்டினியால் செத்திருக்கின்றன.

ஏற்ற தீனி ரோட்டிஃபர். சக்கர உயிரி என்றும் சொல்வார்கள். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை. கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நகரும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ரோட்டிஃபர் உயிரோடு இருக்க அதற்கும் தீனி வேண்டும். அது நுண்பாசி. கடல் நீரைப் பச்சையாக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி.

"அப்ப நாங்க முதல்ல பாசி வளக்கணும். பாசியத் தின்னுற பூச்சி வளக்கணும். பொறவுதான் மீனு வளக்கணும்" என்றார் மாமியார்.

"ஆமாம்மா. அடுத்த இரண்டு தடவை முட்டை வந்தாலும் விட்டுவிடுங்கள். முதலில் தீனியைப் பெருக்குங்கள்" என்றார் விஞ்ஞானி.

விட்டுவிடுவதா? வட்டி ஏறும் வீட்டில் அதைக் கேட்பது கஷ்டம்தான். ஆனாலும் விட்டார்கள். பிப்ரவரி 13இலும் 26இலும் முட்டை வந்தது. அந்த இரண்டையும் நோட்டில் எழுதினார்கள். குஞ்சு எடுக்கவில்லை.

பச்சைத் தண்ணீர்

நிலையத்தில் இருந்து ஒரு பாட்டிலில் நுண்பாசியும் ஒரு பாட்டிலில் ரோட்டிஃபரும் கொண்டு வந்தார்கள். தயிருக்கு உறை மோர் வாங்குவது போலத்தான்.

குடிதண்ணீர் கேன்கள் நான்கைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். கிருமி நீக்கிய கடல் நீரை நிரப்பினார்கள். பாசிக்கு உரம் சில துளி. அளவை நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாசி விதையை ஊற்றிக் காற்றுக் குழாயைப் போட்டு, வெளிச்சம் உள்ள திண்ணையில் வைத்தார்கள். நேர் வெயில் கூடாது. ஒரு வாரத்தில் தண்ணீர் வாழை இலை நிறத்துக்கு வந்தது.

இரண்டு கேன் பாசியில் ரோட்டிஃபரை விட்டார்கள். அவை பாசியைத் தின்று ஓரிரு நாளில் இரண்டு மடங்கு ஆகும். தண்ணீரின் பச்சை வெளுக்கும். அப்போது நாலில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடியும் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சை இல்லாமல் விட்டால் ரோட்டிஃபர் ஒரே இரவில் செத்துவிடும். பாசி கைவசம் இல்லாதபோது ரொட்டி ஈஸ்ட் கொடுத்தும் அதை வாழ வைக்கலாம். ஆனால் அப்படி வளர்ந்த ரோட்டிஃபரில் சத்து குறைவு. அதைத் தின்ற குஞ்சும் நோஞ்சானாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாசிக்கு ஒரு குவளை, ரோட்டிஃபருக்கு ஒரு குவளை. மாறவே கூடாது. மருமகள் பாசிக் குவளைக்குப் பச்சை நூல் கட்டியிருந்தாள்.

ஒரு நாள் பேரன் ரோட்டிஃபர் குவளையைப் பாசிக் கேனில் முக்கிவிட்டான். ஆசையாக உதவி செய்ய வந்தவன்தான். மூன்று நாளில் அந்தக் கேனின் பச்சை முழுவதும் போய்விட்டது. ரோட்டிஃபர் புகுந்து தின்றுவிட்டது. அங்கிருந்து அடுத்த கேனுக்கும் ஒட்டிப் போயிருந்தது. நல்லவேளை, மாமியார் ஒரு பாட்டில் பாசியைத் தனியே எடுத்துப் பக்கத்து வீட்டுச் சன்னலில் வைத்திருந்தார்.

"நெல்லு போடுற வீட்டுல விதை நெல்லைத் தனியாத்தான் வைப்பாக" என்றார். அந்த ஒரு பாட்டிலில் இருந்து மறுபடியும் தொடங்கினார்கள். பத்து நாள் தாமதம். அதோடு போயிற்று.

பட்டை வந்தது

மார்ச் 24இல் முட்டை வந்தது. நோட்டைப் பார்த்தே எதிர்பார்த்திருந்தார்கள். சராசரியாகப் பதின்மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று மாமியார் கணக்குப் போட்டிருந்தார்.

குஞ்சுத் தொட்டியை முன்கூட்டியே தயார் செய்தார்கள். 20 லிட்டர் தண்ணீர், பெரிய தொட்டியில் இருந்தே எடுத்தது. மூன்று பக்கமும் கறுப்புத் தாள். வெளிச்சம் மங்கலாக இருந்தது. கண்ணாடி பளபளத்தால் குஞ்சு அதில் முட்டிமுட்டியே செத்துப்போகும். காற்றுக் குமிழி மெதுவாக, ஒன்று ஒன்றாக. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினார்கள். அது ரோட்டிஃபருக்குத் தீனி, குஞ்சுக்கு நிழல்.

மார்ச் 31 இரவு பொரித்தது. கண் மதிப்பில் 200 குஞ்சு இருக்கும். விடிந்ததும் ரோட்டிஃபரை மிக நுண்ணிய வலைத்துணியில் வடித்து விட்டார்கள். ஒரு மில்லி தண்ணீரில் 5 முதல் 10 ரோட்டிஃபர் இருக்க வேண்டும். ஒரு மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. அதாவது மூன்று, நான்கு சொட்டுக்கு ஒரு புள்ளியாவது நகர வேண்டும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்துக் குறைந்ததை நிரப்பினார்கள். அடியில் செத்ததையும் அழுக்கையும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த அளவுக்குப் பெரிய தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

இரண்டாம் நாள் இரவு மின்சாரம் போனது. காற்று நின்றது. பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று வைத்திருந்தார்கள். அது குஞ்சுத் தொட்டிக்குப் போயிற்று. ரோட்டிஃபர் கேனை மாமியார் அகப்பையால் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது.

மூன்றாம் நாள் விடிந்தது. இருவருக்கும் தொட்டிப் பக்கம் போகவே பயம். பேரன்தான் முதலில் போனான்.

"அப்பத்தா, நீந்துது!"

சில செத்திருந்தன. மற்றவை நீந்தின. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் உருண்டையாக இருந்தது. தின்ற வயிறு.

ஐந்தாம் நாளில் இருந்து ரோட்டிஃபரோடு கொஞ்சம் ஆர்ட்டீமியாவும் சேர்த்தார்கள். அன்று பொரித்த ஆர்ட்டீமியாவை அன்றே கொடுத்துவிட வேண்டும். பொரித்த பிறகு காற்றை நிறுத்தினால் முட்டை ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே இறங்கும். கீழே உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஓடு மீன்குஞ்சின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 9ஆம் தேதி மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு குஞ்சின் தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கீற்று. மறுநாள் நாலைந்து குஞ்சுக்கு வந்தது. இந்தக் கட்டம் மிக முக்கியம். எட்டாம் நாளில் இருந்து பதினைந்தாம் நாளுக்குள் குஞ்சு நிறம் பிடித்து மீனாக மாறுகிறது. மேலே மிதந்ததை விட்டுக் கீழே இறங்குகிறது. இந்த நாட்களிலும் கொஞ்சம் சாகும்.

மாதக் கடைசியில் எண்ண முடிந்தது. 54. இருநூறில் ஐம்பத்து நாலு. முதல் தடவைக்கு இது குறைவில்லை என்றார் விஞ்ஞானி அம்மா. பிறகு தூள் தீனிக்குப் பழக்கினார்கள். மூன்றாம் மாதத்துக்கு மேல் ஓர் அங்குலம் தாண்டியது. கோணல் உடம்பு உள்ளதையும், பட்டை சரியாக விழாததையும் தனியே ஒதுக்கினார்கள். விற்க 47 தேறியது.

அனுப்புவதற்கு முதல் நாள் மீன்களுக்குத் தீனி போடவில்லை. வயிறு காலியாக இருந்தால் பையில் தண்ணீர் கெடாது. பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். வாய் இறுக்கிக் கட்டித் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கினார்கள். வியாபாரி 47க்கும் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்தார்.

அந்தப் பணத்தில் தோடு திரும்பவில்லை. ஆர்ட்டீமியாக் கடனும் வட்டியும்தான் அடைந்தன. தோடு வந்தது அதற்கு அடுத்த முறை. அப்போது 110 மீன் தேறியிருந்தது.

மாமியார் இப்போது இரண்டாவது நோட்டு எழுதுகிறார். முதல் நோட்டைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள். அவளும் தொட்டி வைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் எல்லாம் செத்துப்போகிறது என்று வந்து சொன்னாள்.

"முட்டைய விடு. பாசி இருக்கா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லியே மதினி."

மருமகள் எழுந்து போய், சன்னலில் இருந்த பச்சை பாட்டிலில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள்.